‘ஆம்’ என்னும் விடை: திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒப்புதலின் மொழி (1544) – கடியப்பட்டணத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

1544ஆம் ஆண்டின் இறுதியில் கன்னியாகுமரிக்கு மேற்கேயுள்ள முக்குவர் ஊர்களில் நிகழ்ந்த கூட்டுத் திருமுழுக்கைப் பற்றிப் பிரான்சிஸ் சவேரியார் எழுதிய கடிதம், மக்கள் ஒவ்வொரு விசுவாசக் கூற்றுக்கும் ‘ஆம்’ என விடையிறுத்ததாகக் கூறுகிறது. ஐரோப்பிய மொழிகளில் தனிச்சொல்லாகவும், ஆங்கில அகராதி மரபில் வினையடையாகவும் கொள்ளப்படும் இவ்விடைச்சொல்லுக்குத் தமிழில் நேரிணை உண்டா, தமிழர் ஒப்புதலை எவ்வாறு மொழிந்தனர் என்னும் வினாக்களை இக்கட்டுரை எழுப்புகிறது. தமிழ் நேர்விடை பெரும்பாலும் வினாவிலுள்ள வினைச்சொல்லையே திருப்பிச் சொல்வதால் அமைவது. ஆதலால் அக்கரையில் கேட்கப்பட்ட ஒப்புதலின் பொருள், வினாவில் இடம்பெற்ற வினைச்சொல்லைப் பொறுத்ததாகிறது. சவேரியார் தாமே திருத்திய ‘வேணும்’, ‘வம்பினாலே’ என்னும் இரு சொற்களைச் சான்றாகக் கொண்டு இக்கருத்து நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நேர்விடை, வினையடை, ஆம், வேண்டும், விசுவாசம், முக்குவர், சவேரியார், கடியப்பட்டணம்.

முன்னுரை

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், முட்டத்திற்கும் மணவாளக்குறிச்சிக்கும் இடையே, வள்ளியாறு கடலோடு கலக்கும் பகுதியில் அமைந்த மீனவர் ஊர் கடியப்பட்டணம். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணையும் வரை இப்பகுதி திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. 1930இல் உருவான கோட்டாறு மறைமாவட்டத்தின் கடலோரப் பங்குகள் பலவற்றின் கிறித்தவ வரலாறு 1544ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குவதாகக் கூறப்படுகிறது. அவ்வாண்டில் சவேரியாரிடம் திருமுழுக்குப் பெற்ற முக்குவர் ஊர்களின் வரிசையில் கடியப்பட்டணத்தையும் மறைப்பணி வரலாறுகள் வைக்கின்றன.

இந்நிகழ்வைப் பற்றிய ஆய்வுகள் இதுவரை அதன் அரசியல் பின்னணி, சாதிச் சமூக அமைப்பு, போர்த்துக்கீசியரின் கடல்வணிக நலன் ஆகியவற்றை முதன்மைப்படுத்தி வந்துள்ளன. சூசன் பெய்லியின் தென்னிந்தியக் கிறித்தவ, இசுலாமியச் சமூகங்கள் பற்றிய ஆய்வும் (1989), குமரிக் கடற்கரை முக்குவப் பெண்களைப் பற்றிய கல்பனா ராமின் மானிடவியல் ஆய்வும் (1991) இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. ஆயினும் மக்கள் சொன்னதாகக் குறிக்கப்படும் ஒரே சொல், அதாவது ‘ஆம்’ என்னும் விடை, மொழியியல் நோக்கில் உரிய கவனம் பெறவில்லை. எழுத்துச் சான்று எதையும் தாமாக விட்டுச்செல்லாத ஒரு சமூகம் வரலாற்றில் முதன்முதலாகப் பேசுவதாகக் காட்டப்படும் இடம் அது. எனவே அச்சொல்லின் பொருளை ஆராய்வது அச்சமூகத்தின் வரலாற்றுக்கு இன்றியமையாததாகிறது.

‘யெஸ்’: ஒரு விடைச்சொல்லின் வரலாறு

இன்றைய ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் சொற்களுள் ஒன்று ‘யெஸ்’. சாமுவேல் சான்சன் 1755இல் வெளியிட்ட ஆங்கில அகராதி இதனை வினையடை என வகைப்படுத்தியது. பின்வந்த அகராதிகள் பலவும் அவ்வழியையே பின்பற்றின. இவ்வகைப்பாடு முழுமையாகப் பொருந்துவதன்று. வினையடை ஒரு வினையைச் சிறப்பிக்க வேண்டும்; ‘யெஸ்’ எந்த வினையையும் சிறப்பிப்பதில்லை. அது ஒரு தொடர் முழுவதற்கும் பதிலாக நிற்கிறது. வேறு எவ்வகையிலும் அடங்காத சொல் என்பதாலேயே அது வினையடைக்குள் வைக்கப்பட்டது எனலாம்.

அச்சொல்லின் தோற்றமும் கருதத்தக்கது. பழைய ஆங்கிலத்தில் உடன்பாட்டைக் குறித்த ‘யே’ என்னும் சொல்லோடு, ‘ஆகுக’ எனப் பொருள்படும் வினைவடிவம் இணைந்து ‘யெஸ்’ உருவானதாகச் சொற்பிறப்பாளர் கருதுவர். அதாவது இன்று பிரிக்கவியலாத ஒற்றைச் சொல்லாகத் தோன்றும் அதனுள் ஒரு வினைச்சொல் மறைந்திருக்கிறது. இடைக்கால ஆங்கிலத்தில் இவ்விரு சொற்களும் வேறுவேறு பணி செய்தன. உடன்பாட்டு வினாவுக்கு ‘யே’ என்றும், எதிர்மறை வினாவை மறுத்து உடன்படும்போது ‘யெஸ்’ என்றும் விடை கூறினர். மறுப்புக்கும் இவ்வாறே ‘நே’, ‘நோ’ என இரண்டு இருந்தன. 1532இல் தாமஸ் மோர், விவிலியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த டிண்டேலை மறுத்தெழுதிய நூலில், யோவான் நற்செய்தியின் ஓரிடத்தில் ‘நே’ வரவேண்டிய இடத்தில் ‘நோ’ வந்துள்ளதெனக் கடிந்துகொண்டார். சமயத்தைக் குறித்த பெரும் பூசல் ஒன்றில், ஒரு விடைச்சொல்லின் வழுவும் குற்றச்சாட்டாக இடம்பெற்றது. இது கடியப்பட்டணக் கடற்கரையில் வினாக்கள் கேட்கப்படுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது.

இலத்தீனில் ‘யெஸ்’ என்பதற்கு நிகரான பொதுச்சொல் இல்லை. ‘அவ்வாறே’ எனப் பொருள்படும் சொற்களாலோ வினைச்சொல்லைத் திரும்பக் கூறியோ உடன்பட்டனர். ‘அவ்வாறு’ எனப் பொருள்படும் ‘சீக்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்தே போர்த்துக்கீசியத்தின் ‘சிம்’ பிறந்தது. இலத்தீன் திருமுழுக்குச் சடங்கில் ‘நம்புகிறாயா’ என்பதற்கு ‘நம்புகிறேன்’ என்பதே விடை. ‘திருமுழுக்குப் பெற விரும்புகிறாயா’ என்பதற்கு ‘விரும்புகிறேன்’ என்பதே விடை. ஆங்கிலத் திருச்சபை 1549இல் முதன்முதல் வெளியிட்ட பொது வழிபாட்டு நூலிலும் இவ்விடங்களில் ‘யெஸ்’ வரவில்லை, வினைச்சொல்லே வருகிறது. உறுதிமொழி ஏற்பவர் தலையசைப்புக்கு நிகரான ஒரு சொல்லோடு தப்பிவிடாமல், தாம் ஏற்பது இன்னதென வாயாற் சொல்ல வேண்டும் என்னும் எண்ணம் இம்மரபில் தெளிவாகத் தெரிகிறது.

தமிழிலக்கண மரபில் நேர்விடை

வினாவையும் விடையையும் இலக்கணத்திற்குரிய பொருளாகக் கருதிய மரபு தமிழினுடையது. தொல்காப்பியக் கிளவியாக்கம் செப்பும் வினாவும் வழுவாமல் அமைய வேண்டியதை எடுத்துரைக்கிறது. பவணந்தியாரின் நன்னூல் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தது. சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் வினாவுக்கு நேராக இறுக்கும் விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் விடையைக் குறிப்பால் உணர்த்துவன.

இவற்றுள் உடன்பாட்டைக் குறிப்பது நேர்விடை. உரையாசிரியர்கள் இதற்குத் தரும் எடுத்துக்காட்டு கூர்ந்து நோக்கத்தக்கது. ‘இது செய்வாயா’ என வினவியவனுக்கு நேர்விடை ‘செய்வேன்’ என்பதே, ‘ஆம்’ என்பதன்று. மறைவிடையும் அவ்வாறே ‘செய்யேன்’ என வினைவடிவிலேயே வருகிறது. உடன்படுவதும் மறுப்பதும் தனிச்சொல்லின் வேலையாகாமல் வினைமுற்றின் வேலையாகின்றன. இன்றைய பேச்சிலும் இதுவே வழக்கு. ‘சாப்பிட்டாயா’ என்றால் ‘சாப்பிட்டேன்’ என்பதும், ‘வள்ளம் வந்ததா’ என்றால் ‘வந்தது’ என்பதும் இயல்பான விடைகள். ‘ஆம்’ என்று மட்டும் சொல்வது எழுத்துத் தமிழுக்கும் நீதிமன்ற, அலுவலகத் தமிழுக்கும் மிக நெருக்கமானது.

தொல்காப்பியர் வகுத்த பெயர், வினை, இடை, உரி என்னும் நால்வகையில் வினையடைக்குத் தனியிடம் இல்லை என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். வினையைச் சிறப்பிக்கும் பணியை வினையெச்சமும், உரிச்சொல்லும், ‘ஆக’, ‘ஆய்’ என்பவை ஏற்ற பெயர்களும், வேற்றுமை ஏற்ற பெயர்களும் செய்தன. இலத்தீன் இலக்கண அச்சில் தமிழைக் கற்ற ஐரோப்பியர் தம் மொழிகளின் வினையடைகளுக்குத் தமிழில் இணை தேடியபோது, அவர்கள் கண்டவை பெரும்பாலும் வினைச்சொல்லின் அல்லது பெயர்ச்சொல்லின் வடிவங்களாகவே இருந்தன. 1547 முதல் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய என்றிக் என்றிக்கசு அடிகளார் எழுதிய தமிழிலக்கணம், இம்முயற்சியின் தொடக்கச் சான்றாகும். இக்கையெழுத்துப் படியை 1982இல் வெர்மீர் பதிப்பித்தார். 2013இல் சீன் ஹைனும் வி. எஸ். இராசமும் ஆங்கில மொழிபெயர்ப்போடு விரிவாக ஆராய்ந்து வெளியிட்டனர்.

‘ஆம்’: சொல்லமைப்பும் பொருளும்

‘ஆம்’ என்பது ‘ஆகும்’ என்பதன் இடைக்குறை. ‘ஆகு’ என்னும் வினையடியிலிருந்து தோன்றிய செய்யும் என்னும் வாய்பாட்டு வினைமுற்று அது. தெலுங்கின் ‘அவுனு’, கன்னடத்தின் ‘ஹௌது’ ஆகிய உடன்பாட்டுச் சொற்களும் இவ்வினையடியிலிருந்தே வந்தவை. மலையாளம் ‘அதே’ எனச் சுட்டுப்பெயரால் உடன்படுகிறது. ‘ஆகுக’ என்னும் பொருளைத் தன்னுள் கொண்ட ஆங்கில ‘யெஸ்’, தோற்ற அளவில் தமிழ் ‘ஆம்’ என்பதற்கு அண்மையது என்பது வியப்புக்குரிய ஒற்றுமை.

எனினும் இவ்வொற்றுமை பொருளில் நீடிப்பதில்லை. முதலாவதாக, தமிழில் இதே ‘ஆம்’ வேறு பணிகளையும் செய்கிறது. ‘வந்தானாம்’ என்பதில் பிறர் கூற்றைக் குறிக்கிறது. ‘போகலாம்’ என்பதில் இசைவையும் இயல்வையும் குறிக்கிறது. உறுதி, கேள்விப்பட்ட செய்தி, இயலும் தன்மை என ஒன்றுக்கொன்று எட்ட நிற்கும் மூன்று நிலைகளில் ஒரே வடிவம் வழங்குகிறது.

இரண்டாவதாக, எதிர்மறை வினாவுக்கு விடை கூறுகையில் இரு சொற்களும் பிரிந்து செல்கின்றன. ‘நீ வரவில்லையா’ என்னும் வினாவுக்கு, ‘ஆம், வரவில்லை’ எனத் தமிழர் கூறுவர். கேட்டவர் கருத்து மெய் என்பதே இங்கு ‘ஆம்’ தரும் பொருள். ஆங்கிலத்தில் இவ்விடத்தில் ‘நோ’ வருகிறது. ஏனெனில் அங்கு விடைச்சொல் கேட்டவர் கருத்தை நோக்காமல், தான் சொல்லவிருக்கும் தொடரின் உடன்பாட்டையோ எதிர்மறையையோ நோக்குகிறது. ‘யெஸ்’ என்றால் ‘ஆம்’ எனப் பள்ளியில் மனப்பாடம் செய்த மாணவர் இவ்விடத்தில் இடறுவதற்குக் காரணம் இவ்வேறுபாடே.

மூன்றாவது வேறுபாடு இக்கட்டுரைக்கு மிக முதன்மையானது. செய்யும் என்னும் முற்று தன்மையிடத்திற்கும் முன்னிலையிடத்திற்கும் வருவதில்லை என்பது இலக்கண விதி. ஆதலால் ‘ஆம்’ என்பதில் பேசுபவரைக் காட்டும் விகுதி இல்லை. ‘அது அவ்வாறே’ என அது செய்தியை உறுதிசெய்கிறது. ‘யான்’ என ஒருவரை முன்னிறுத்துவதில்லை. ‘செய்வேன்’, ‘நம்புகிறேன்’ என்னும் நேர்விடைகளிலோ தன்மையொருமை விகுதி வெளிப்படையாக நிற்கிறது. ஓர் உண்மையை ஏற்பதற்கும் ஒரு கடப்பாட்டை ஏற்பதற்கும் இடையேயுள்ள வேறுபாட்டைத் தமிழ் இவ்வாறு விகுதியாலேயே காட்டிவிடுகிறது.

இவ்விரு விவிலிய மொழிபெயர்ப்புகளின் ஒப்பீடும் இதனை விளக்கும். மத்தேயு நற்செய்தி ஐந்தாம் அதிகாரத்தில் ஆணையிடுதலைத் தடுத்து, உடன்பாடும் மறுப்பும் வெறும் சொல்லாலேயே அமைக எனக் கூறும் இடம் உண்டு. ஆங்கிலத்தில் விடைச்சொற்கள் இரட்டித்து வரும் இவ்விடத்தில், சீர்திருத்தச் சபையினரின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘ஆம்’ என்னும் சொல்லைக் கொள்ளாமல் ‘உள்ளது’, ‘இல்லது’ என்னும் சொற்களால் கருத்தைப் பெயர்த்தது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘ஆம்’, ‘இல்லை’ என்பவற்றை எடுத்துக்கொண்டது. ‘ஆம்’ ஒரு தனித்த விடைச்சொல்லாக எழுத்துத் தமிழில் நிலைபெற்ற வரலாறு இவ்விரண்டு பெயர்ப்புகளுக்கும் இடையே தெரிகிறது.

1544: கரையில் கேட்கப்பட்ட வினா

1535 முதல் 1537 வரை முத்துக்குளித்துறைப் பரதவர் பெருந்தொகையாகத் திருமுழுக்குப் பெற்று, போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைப் பெற்றனர். 1542இல் கோவா வந்த சவேரியார் அவ்வாண்டின் இறுதியில் அக்கரையை அடைந்தார். தமிழறியாத அவர், இரு மொழியும் ஓரளவு தெரிந்தோரைக் கூட்டிச் சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், கர்த்தர் கற்பித்த மன்றாட்டு, மரியன்னை மன்றாட்டு முதலியவற்றைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனப்பாடம் செய்துகொண்டார். மணியடித்து ஊராரைக் கூட்டி அவற்றைச் சொல்லிக்கொடுத்ததை 1544 சனவரியில் எழுதிய கடிதத்தில் விவரிக்கிறார்.

1544ஆம் ஆண்டு தென்கடற்கரைக்கு அமைதியற்ற ஆண்டு. விசயநகரப் பேரரசைச் சார்ந்த வடுகர் படையால் கடலோர ஊர்கள் அலைக்கழிந்தன. கிறித்தவப் பரதவர் பலர் குமரிமுனைப் பாறைகளில் அடைக்கலம் தேடினர். திருவிதாங்கூர் மன்னர் உண்ணி கேரளவர்மர் போர்த்துக்கீசியரின் நட்பை நாடிய காலமும் இதுவே. இச்சூழலில் மன்னரின் இசைவோடு சவேரியார் குமரிக்கு மேற்கேயுள்ள முக்குவர் ஊர்களுக்கு வந்தார். கிழக்கே பரதவர் பெற்ற பாதுகாப்பைக் கண்ட மேற்குக்கரையினர் அதனை நாடியதில் வியப்பில்லை. ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்ததாக அவர் 1545 சனவரி 27 அன்று கொச்சியிலிருந்து எழுதினார்.

அக்கடிதம் சடங்கின் ஒழுங்கை நிரலாகத் தருகிறது. ஊரின் ஆண்களும் சிறுவரும் ஓரிடத்தில் கூடுவர். சவேரியார் மன்றாட்டுகளை அவர்தம் மொழியிலேயே உரத்த குரலில் சொல்ல, அவர்கள் பின்தொடர்ந்து சொல்வர். பின்னர் விசுவாசப் பிரமாணத்தின் ஒவ்வொரு கூற்றையும் மெய்யாகவே விசுவசிக்கிறார்களா என அவர் வினவுவார். கைகளை மார்பின்மேல் சிலுவையாக மடித்து ‘ஆம்’ என அவர்கள் விடையிறுப்பர். அதன்பின் திருமுழுக்கு, ஒவ்வொருவருக்கும் புதுப்பெயர் எழுதித் தரப்படும். ஆண்கள் இல்லம் திரும்பிப் பெண்களை அனுப்புவர். கடியப்பட்டணம் இக்கடிதத்தில் தனித்துப் பெயர் பெறவில்லை. அது அப்பத்தாயிரத்தினுள் அடங்கிய ஊர்.

ஐரோப்பிய வாசகருக்கு எழுதப்பட்ட இக்கடிதத்தின் ‘ஆம்’ ஐரோப்பிய மொழியின் விடைச்சொல். அது நிகழ்வின் சுருக்கமேயன்றி, மக்கள் வாய்ச்சொல்லின் படியெடுப்பு அன்று. வினா தமிழில் கேட்கப்பட்டது. விடையும் தமிழிலேயே வந்தது. தமிழில் நேர்விடை வினைச்சொல்லைத் திருப்பிச் சொல்வதால் அமையுமாயின், அம்மக்கள் சொன்னது என்ன என்னும் வினாவுக்கு, வினாவில் எந்த வினைச்சொல் இருந்தது என்பதே விடை தரும்.

‘வேணும்’ என்பதும் ‘விசுவாசம்’ என்பதும்

இவ்விடத்தில் அரியதொரு சான்று கிடைக்கிறது. தம் உடனுழைப்பாளர் பிரான்சிஸ்கோ மான்சிலாசுக்கு எழுதிய கடிதங்களுள் ஒன்றில், விசுவாசப் பிரமாணத்தின் தமிழ்ப் பெயர்ப்பில் சவேரியார் இரு திருத்தங்களைச் சொல்கிறார். முதல் திருத்தம் அதன் தொடக்கத்தைப் பற்றியது. அதுவரை ‘எனக்கு வேணும்’ எனச் சொல்லப்பட்டு வந்தது. அது ‘விரும்புகிறேன்’ எனப் பொருள்படுவதால், அதற்கு ஈடாக ‘விசுவாசம்’ என்னும் சொல்லடியைக் கொள்ளுமாறு அவர் அறிவுறுத்துகிறார்.

இத்திருத்தத்தை மொழியறியாப் பாதிரியாரின் தடுமாற்றத்திற்கு எடுத்துக்காட்டாக மட்டும் கொள்வது போதாது. ‘எனக்கு வேணும்’ என்பது தமிழில் முழுமையான, வழுவற்ற தொடர். பொருளில்தான் அது விசுவாசப் பிரமாணத்திலிருந்து விலகுகிறது. இலத்தீன் சடங்கில் இரு வினாக்கள் அடுத்தடுத்து வருவதை மேலே கண்டோம். அவற்றுள் ‘திருமுழுக்குப் பெற விரும்புகிறாயா’ என்பதற்கு ‘எனக்கு வேணும்’ என்பது மிகச் சரியான தமிழ் விடை. ‘நம்புகிறாயா’ என்பதற்கு அது விடையாகாது. விருப்பமும் நம்பிக்கையும் சடங்கில் தனித்தனியே வினவப்பட, முதல் தமிழ்ப் பெயர்ப்பில் விருப்பத்தின் சொல் நம்பிக்கையின் இடத்தில் அமர்ந்துவிட்டது.

மேலும், ‘வேண்டும்’ என்பதும் ‘ஆம்’ என்பதைப் போலவே செய்யும் என்னும் வாய்பாட்டு முற்று. அதில் தன்மை விகுதி இல்லை; ‘எனக்கு’ என்னும் நான்காம் வேற்றுமைச் சொல்லே பேசுபவரைக் காட்டுகிறது. இலக்கண அமைப்பின்படி பேசுபவர் இங்கே செய்பவராக நிற்பதில்லை, பெறுபவராக நிற்கிறார். பாதுகாப்பும் படகும் வலையும் கேள்விக்குள்ளாகியிருந்த காலத்தில், ஒரு கடற்கரைச் சமூகம் புதிய சமயத்தை நோக்கி நின்ற நிலையை இத்தொடர் பிழையாகக் காட்டுகிறது என எளிதில் கூறிவிட இயலாது. நம்பிக்கை வினவப்பட்ட இடத்தில் தேவை விடையாயிற்று. சவேரியாரின் திருத்தம் சமயக் கோட்பாட்டைச் செம்மைப்படுத்தியது. அதே வேளையில், தொடக்கநாள் ஒப்புதல் எச்சொல்லால் சொல்லப்பட்டது என்பதற்கான சான்றையும் காத்து வைத்தது.

‘விசுவாசம்’ என்னும் வடசொல் பின்னர் நிலைபெற்றது. என்றிக்கசு அடிகளார் 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சிட்டு முடித்த பதினாறு பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’, வினாவிடை வடிவிலமைந்த 1579ஆம் ஆண்டின் ‘கிரிசித்தியானி வணக்கம்’ ஆகிய நூல்கள் கடற்கரைக் கிறித்தவத்தின் மொழிக்கு அச்சு வடிவம் தந்தன. நான்கு நூற்றாண்டுக்குப் பின், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைத் தொடர்ந்த வழிபாட்டுச் சீர்திருத்தத்தில் கத்தோலிக்கர் ‘விசுவசிக்கிறேன்’ என்பதை விடுத்து ‘நம்புகிறேன்’ என்பதைக் கொண்டனர். வேணும், விசுவசிக்கிறேன், நம்புகிறேன் என மூன்று சொற்கள் ஒரே விடையின் இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுள்ளன.

‘வம்பினாலே’: தன்விருப்பமும் வலிமையும்

இரண்டாம் திருத்தம் ஒரு வினையடையைப் பற்றியது. போர்த்துக்கீசிய எழுத்தில் சவேரியார் குறிக்கும் சொல் ‘வம்பினாலே’ என வாசிக்கத்தக்கது. அது ‘வலுக்கட்டாயத்தால்’ எனப் பொருள்படும் என்றும், கிறித்து பாடுபட்டது தம் விருப்பத்தாலேயன்றிக் கட்டாயத்தாலன்று என்றும் கூறி, அச்சொல்லை நீக்கச் சொல்கிறார்.

விசுவாசப் பிரமாணத்தில் இச்சொல் எவ்வாறு நுழைந்தது என்பதை உய்த்துணர இயலும். கிறித்து போந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டார் என்னும் கூற்று, போர்த்துக்கீசிய வடிவில் ‘பிலாத்துவின் அதிகாரத்தின்கீழ்’ என்னும் பொருளில் அமைந்திருக்கிறது. ‘அதிகாரம்’, ‘வலிமை’ எனும் பொருளுடைய அச்சொல்லையே மொழிபெயர்ப்பாளர் ‘வம்பு’ எனப் பெயர்த்தனர் எனலாம். மலையாளத்தில் ‘வம்பு’ வலிமை, பெருமை என்னும் பொருளில் வழங்குவது இவ்விளக்கத்திற்கு அரண் செய்கிறது. ஆட்சியின் காலத்தையும் வரம்பையும் குறித்த தொடர், மூன்றாம் வேற்றுமை உருபேற்றுத் தமிழில் வினையடையானபோது, செயல் நிகழ்ந்த முறையைக் குறிப்பதாக மாறிவிட்டது. வேற்றுமை உருபு ஒன்றே பொருளை இவ்வளவு தொலைவு நகர்த்தியது.

கிறித்து விரும்பிப் பாடுபட்டாரா, வலிந்து பாடுபடுத்தப்பட்டாரா என்பதில் சவேரியார் காட்டிய நுண்ணிய கவனம், திருமுழுக்குப் பெற்றோரின் விருப்பத்தைப் பற்றிய வரலாற்று வினாவுக்கும் அளவுகோலாகிறது. ‘தன்விருப்பத்தோடு’, ‘வலுக்கட்டாயத்தால்’ என்னும் இவ்விரு வினையடைகளுள் ஒன்றைத் தேர்வதாகவே 1544 பற்றிய விவாதம் பெரும்பாலும் அமைந்துள்ளது. போற்றி எழுதியோர் முன்னதையும், கண்டித்து எழுதியோர் பின்னதையும் கொண்டனர். ‘எனக்கு வேணும்’ என்னும் சான்று இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது நிலையைக் காட்டுகிறது. தேவையால் விரும்புதல் கட்டாயமும் அன்று. முழு உரிமையோடு தேர்தலும் அன்று.

மடித்த கைகளும் ‘ஆமென்’ ஒலியும்

விடை சொல்லால் மட்டும் அமையவில்லை. மார்பின்மேல் மடித்த கைகள் சவேரியாருக்குச் சிலுவையின் வடிவம். தமிழ்ச் சமூகத்திலோ கைகட்டி நிற்றல் மேலோர்முன் கீழோர் நிற்கும் பணிவுநிலை. ஆணை கேட்கும் உடலின் நிலை. அரசனின் இசைவோடு வந்த ஒருவர்முன் சாதியடுக்கில் தாழ்வாக நடத்தப்பட்ட மீனவர் அவ்வாறு நின்றதில், இரு பண்பாடுகளும் தத்தமக்குரிய பொருளைக் கண்டன. பார்த்தவருக்கு அது நம்பிக்கை. நின்றவருக்கு அது பழகிய மரியாதை. இரண்டும் ஒரே உடலசைவில் கூடியிருக்கக்கூடும்.

மன்றாட்டின் முடிவில் வரும் ‘ஆமென்’ என்னும் சொல்லும் எண்ணத்தக்கது. உறுதி, வாய்மை எனும் பொருளுடைய எபிரேய வேரிலிருந்து வந்த இச்சொல், தமிழ்ச் செவிக்கு ‘ஆம் என்’ எனப் பிரிந்து ஒலிக்கும். ‘ஆம் எனச் சொல்’ என்னும் ஏவலாக அது அமைந்துவிடுகிறது. இது ஒலியொப்புமையேயன்றிச் சொற்பிறப்பன்று. எனினும் மொழிபெயர்க்கப்படாமலேயே தமிழில் வேரூன்றிய இச்சொல்லுக்கு அவ்வொலியொப்புமை துணைசெய்திருக்கும் எனக் கருதுவது பொருத்தமே.

முடிவுரை

ஆங்கில ‘யெஸ்’, போர்த்துக்கீசிய ‘சிம்’ ஆகிய விடைச்சொற்கள் வினாவின் உள்ளடக்கம் முழுவதையும் தாமே சுமந்து, அதனை மறைத்துவிடும் தன்மையுடையவை. தமிழ் நேர்விடையோ வினைச்சொல்லை வெளிப்படக் கூறுவது. ஆதலால் ஐரோப்பியக் கடிதத்தின் விடைச்சொல்லை ‘ஆம்’ எனத் தமிழில் பெயர்த்து வரலாறு எழுதும்போது, இரண்டு செய்திகள் மறைகின்றன. ஒன்று, மக்கள் எதற்கு உடன்பட்டனர் எனக் காட்டும் வினைச்சொல். மற்றொன்று, உடன்பட்டவர் செய்பவராக நின்றாரா, பெறுபவராக நின்றாரா எனக் காட்டும் இலக்கண இடம்.

கடியப்பட்டணம் போன்ற ஊர்களின் முன்னோர் 1544இல் ‘ஒப்புக்கொண்டனரா’ என்னும் வினாவுக்கு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என விடை தேடுவது, வேற்றுமொழியின் விடையமைப்பை அவர்கள்மேல் ஏற்றுவதாகும். ‘எவ்வினைச்சொல்லால் ஒப்புக்கொண்டனர்’ எனக் கேட்பதே தமிழ்ச் சான்றுக்கு ஏற்ற வினா. அவ்வினாவுக்குக் கிடைக்கும் மிகப் பழைய விடை, திருத்தப்படுவதற்குமுன் அக்கரைகளில் வழங்கிய ‘எனக்கு வேணும்’ என்னும் தொடர். கணக்கில் பத்தாயிரம் எனத் திரண்டுவிட்ட மக்களின் வாய்மொழிக்கு மிக அண்மையில் நிற்பது இத்தொடரே. மறைப்பணிக் கடிதங்கள், பாவசங்கீர்த்தன நூல்கள், வினாவிடை நூல்கள் ஆகியவற்றின் தமிழ் விடைவடிவங்களை இந்நோக்கில் தொகுத்து ஆராய்வது, நெய்தல் நில மக்களின் வரலாற்றை அவர்தம் சொல்லிலிருந்தே தொடங்கி எழுத வழிசெய்யும்.